வானத்து இரைச்சலும் சபரகமுவத் தோட்டங்களும்

சபரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களில் பொழுது ஓசையோடு புலர்ந்து, பின்னர் ஓசையின்றி நகர்வது. இருள் பிரியுமுன்னரே பெரட்டுக் களத்தில் தப்பு முழங்கும். லயத்துக் காம்பராக்களில் அடுப்புப் புகையும். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஆண்களும் பெண்களும் வாளியும் கத்தியுமாக மலையேறிவிடுவர். அதன்பின் கேட்பதெல்லாம் பட்டையில் கத்தி இழையும் சிறு சத்தமும், சிரட்டையில் பால் சொட்டும் அதனினும் சிறு சத்தமுமே. வெயில் ஏறிவிட்டால் பால் இறங்குவது குறையும். ஆதலால் வேலை விரைவாகவும் பேச்சின்றியும் நடைபெறும். இத்தனை மௌனமான தொழில் பிறிதொன்று உண்டோ என்று நாம் ஐயுறுகிறோம். ஆயினும், இருபதாம் நூற்றாண்டு மனித குலத்துக்கு அளித்த மிகக் கொடிய இரைச்சலாகிய போர்விமான இரைச்சலுக்குச் சக்கரம் கொடுத்தது இந்த மௌனத் தொழிலே. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அவ்விரைச்சல் எவ்வழியாகச் சுற்றி அதே தொழிலாளரின் தலைக்கு மேல் வந்து நின்றது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

விமான ஒலிகளுள் மிகப் பெரியது எது என்ற வினாவுக்குப் பொறியியலாளர் ஆயத்தமான விடை ஒன்று வைத்துள்ளனர். 1955ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப்படைக்காகப் பரீட்சிக்கப்பட்ட எக்ஸ்.எப்-84எச் என்னும் விமானமே அது. அதன் முன்சுழலியின் இதழ்முனைகள், விமானம் தரையில் நிற்கும்போதே ஒலியினும் வேகமாகச் சுழன்றன. அருகில் நின்ற பணியாளருக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் உண்டாயின. நாற்பது கிலோமீற்றருக்கு அப்பாலும் அதன் அலறல் கேட்டது. இரண்டே விமானங்கள் செய்யப்பட்டன. பன்னிரண்டு முறை பறந்ததோடு திட்டம் கைவிடப்பட்டது. ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிப்பர். பத்து அலகு கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். ஏறத்தாழ 120, 130 டெசிபலை எட்டும்போது ஒலி காதுக்கு வேதனையாக மாறுகிறது. முப்பது மீற்றர் தூரத்தில் கிளம்பும் ஜெட் விமானம் இவ்வெல்லையைத் தொட்டும் கடந்தும் நிற்கும்.

இவ்வகை அளவைகள் யாருக்காக எடுக்கப்பட்டன என்று கேட்கும்போதுதான் பௌதிகம் சரித்திரமாக மாறுகிறது. 1964ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் யூலை வரை, அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரின் மேல் அந்நாட்டு அரசு ஒலியை மிஞ்சும் விமானங்களை வேண்டுமென்றே பறக்கவிட்டது. ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானங்கள் வந்தால் மக்கள் அவ்வெடியோசையைப் பொறுப்பார்களா என்று அறிவதே நோக்கம். ஆறு மாதங்களில் 1,253 வெடியோசைகள் நகரின் மேல் விழுந்தன. கண்ணாடிகள் உடைந்தன, சுவர்க்காரை வெடித்தது. ஆனால் அரசு ஒன்று செய்தது: வீடு வீடாக ஆளனுப்பி, இதைத் தாங்க முடிகிறதா என்று கேட்டது. முடியாது என்று நாலில் ஒரு பங்கினருக்கு மேல் விடை கூறினர். 4,629 பேர் முறைப்படி நட்டஈடு கேட்டனர். கிடைத்தது 229 பேருக்கு மட்டுமே. முதலாளித்துவ அரசின் தாராளம் அவ்வளவுதான். எனினும் கேட்கும் சடங்கேனும் அங்கு நடந்தது.

அதே 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி புதுடில்லியில் சிறிமாவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த, நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 975,000 மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிடப்பட்டனர். இவர்களில் ஒருவரையும் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒக்லஹோமா நகரத்தாரின் காதுக்கு இருந்த மதிப்பு, சபரகமுவத் தோட்டத் தொழிலாளியின் வாழ்வு முழுமைக்குமே இருக்கவில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே மேற்செல்ல வேண்டும்.

இனி இறப்பருக்கு வருவோம். 1876ஆம் ஆண்டில் அமேசன் காட்டு விதையிலிருந்து முளைத்த கன்றுகள் இலண்டன் கியூ பூங்கா வழியாக இலங்கைக்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. மோட்டார் வண்டி உலகில் பெருகத் தொடங்கிய இருபதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளில், களனிப் பள்ளத்தாக்கு, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் தாழ்மலைகள் விரைவில் இறப்பர்க் காடுகளாயின. கங்காணிமார் திரட்டிவந்த தமிழகத்துக் குடியானவரும் தாழ்த்தப்பட்ட மக்களும் அங்கு லயங்களில் அடைக்கப்பட்டனர். நுவரெலியா, அற்றன் பகுதிகளைப்போல் மலைக்கு மலை தொடர்ச்சியாகத் தமிழ்த் தொழிலாளரே வாழும் பிரதேசம் அன்று இது. சபரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகள் போலச் சிதறிக் கிடப்பவை. இப்புவியியல் உண்மை பின்னாளில் எத்தகைய விலை கேட்டது என்பதைக் காண்போம்.

விமானத்துக்கும் இறப்பருக்கும் உள்ள உறவு சாதாரணமானதன்று. முழுப்பாரத்தோடு பெரும் வேகத்தில் தரையைத் தொடும் சக்கரம் கணப்பொழுதில் கொதித்துவிடும்; அச்சூட்டைத் தாங்குவதில் செயற்கை இறப்பரைவிட மரத்துப்பாலே சிறந்தது. இன்றைக்கும் விமான டயரில் பெரும்பங்கு இயற்கை இறப்பரே. இரண்டாம் உலகப்போரில் டயருக்கு மட்டுமன்றி, குண்டு துளைத்தாலும் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருட் தாங்கிகளுக்கும் இறப்பர் வேண்டியிருந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து, மார்ச்சில் யாவாவும் ஜப்பானியர் கைக்குப் போனபோது, உலக இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கு விளைந்த பூமி நேச நாடுகளின் கையைவிட்டு அகன்றது. எஞ்சியவற்றுள் முதன்மையானது இலங்கை. உடனே கட்டளை வந்தது: மரம் செத்தாலும் சரி, பால் வரவேண்டும். ஆங்கிலத் துரைமாரே இதனைப் படுகொலை வெட்டு என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தனர். முதிய மரங்களின் பட்டையைச் சுற்றிச்சுற்றி உரித்துப் பால் வடித்தார்கள். மரத்தை வெட்டிய கைகளின் நிலை என்ன என்பதை அக்காலத்து அறிக்கைகள் அவ்வளவு கவலையோடு பேசவில்லை.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் ஐந்திலிருந்து கிளம்பிய ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முந்திய நாள் மாலையே கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் அக்கப்பற்படையைக் கண்டு அறிவித்திருந்தார். ஆயினும் காலையில் நகரம் ஆயத்தமாக இருக்கவில்லை. துறைமுகமும் இரத்மலானை விமானத்தளமும் இலக்குகள். அங்கொடை மனநோயாளர் வைத்தியசாலை மீதும் தவறாகக் குண்டு விழுந்தது. அபாயச் சங்கு என்றால் என்ன என்றே விளங்கிக்கொள்ள இயலாதவர்கள் அங்கே இருந்தார்கள். நாலு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டது. கொழும்பு மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டை நோக்கி ஓடினர். அந்த ஞாயிற்றுக்கிழமை சபரகமுவத் தோட்டங்கள் எவருக்கும் இலக்காக இருக்கவில்லை. ஆனால் அந்நாள் தொட்டு இலங்கையின் வானம் முன்போல் இருக்கவில்லை. கொக்கலை, கட்டுக்குருந்தை, மின்னேரியா, சிகிரியா என்று ஒவ்வோரிடத்திலும் ஓடுபாதைகள் எழுந்தன; பிரித்தானிய விமானங்கள் நாடெங்கும் பறந்தன. அவற்றின் சக்கரங்களில் உருண்டது, எவருடைய கைகள் வடித்த பால் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

போர் முடிந்தது. போருக்குப் பால் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை, மக்கள் உருளவள்ளி என்று வழங்கும் அத்தோட்டத்தை, கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்க அரசு எடுத்துக்கொண்டது. நிலமற்ற சிங்களக் குடியானவருக்கு நிலம் வேண்டும் என்பதை நாம் மறுப்போமா? ஆனால் அந்நிலத்தில் தலைமுறையாக உழைத்த தமிழ்த் தொழிலாளர் வெறுங்கையோடு வெளியேற வேண்டும் என்பதே நிபந்தனை. அவர்கள் மறுத்தனர், அத்துமீறிக் குடியிருந்தோர் என்று நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர். 1946 யூனில் அவர்களுக்காக வேறு தோட்டங்களின் தொழிலாளரும் பெருந்தொகையாக வேலை நிறுத்தம் செய்தனர். இரண்டாண்டுகள் செல்லுமுன் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஒரு தோட்டத்தில் அத்துமீறியோர் எனப்பட்டவர்கள் நாடு முழுவதிலுமே அத்துமீறியோராயினர்.

1952ஆம் ஆண்டில் இதே இறப்பர் இன்னொரு போரின் நடுவே புகுந்தது. கொரியப் போரை முன்னிட்டு 1951இல் ஐக்கிய நாடுகள் சபை சீனாவுக்குப் போர்ப்பயன் பொருட்கள் விற்கலாகாதென விலக்கியது. இறப்பரும் அவற்றுள் அடங்கும். அரிசிப் பஞ்சத்தில் தவித்த இலங்கையோ சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர், பதிலுக்கு 270,000 தொன் அரிசி. அமெரிக்கா சினந்து உதவியை நிறுத்தியது. வல்லரசொன்றின் மிரட்டலை மீறிய துணிவு என்று இதனை நாம் இன்றும் பாராட்டுகிறோம். பாராட்டும்போதே, அந்த 50,000 தொன்னில் பெரும்பங்கை வடித்தவர்களுக்கு அவ்வாண்டு நடந்த பொதுத் தேர்தலில் வாக்குரிமை இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

சபரகமுவ இலங்கை இடதுசாரி இயக்கத்துக்குத் தொட்டில் போன்றது. 1934-35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோயில் கேகாலைக் கிராமங்கள் மடிந்தபோது மருந்தும் உணவும் சுமந்து சென்ற இளைஞர்களே பின்பு சமசமாஜக் கட்சியை அமைத்தனர். 1936இல் அவிசாவளையில் பிலிப் குணவர்த்தனாவும் ருவன்வெல்லையில் என்.எம். பெரேராவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1971 ஏப்ரல் 5ஆந் திகதி, அதே கேகாலைக் கிராமங்களின் இளைஞர்கள் துப்பாக்கியும் வீட்டில் செய்த வெடிகுண்டும் ஏந்திப் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது, ஆட்சியில் இருந்தது இடதுசாரிகளும் பங்கேற்ற ஐக்கிய முன்னணி. எட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதியான என்.எம். பெரேரா நிதி மந்திரி. இதை எழுதும்போது எமது கையும் சற்றுத் தயங்குகிறது. எனினும் எழுதாமல் விட இயலாது.

கிளர்ச்சி மிக வலுவாக எழுந்த பகுதிகளுள் கேகாலை மாவட்டம் ஒன்று. சில இடங்கள் நாட்கணக்காகக் கிளர்ச்சியாளர் வசம் இருந்தன. அப்போதுதான் இலங்கையரசு தன் சொந்த மக்கள் மீது வானிலிருந்து போர் தொடுக்கக் கற்றது. பல்லாண்டுகளுக்குமுன் பிரித்தானியாவிடம் வாங்கிய ஜெட் புரொவொஸ்ட் விமானங்கள் ரொக்கெட் பொருத்தி அனுப்பப்பட்டன. பிரித்தானியா ஹெலிகொப்டர்கள் தந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஹெலிகொப்டர்களை விமானிகளோடு அனுப்பின. சோவியத் ஒன்றியம் மிக்-17 விமானங்களை அனுப்பியது. சீனா பணம் கடன் கொடுத்து ஆதரவுக் கடிதமும் எழுதியது. உலகில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த தலைநகரங்கள் அனைத்தும், பெரும்பாலும் பதினெட்டும் இருபதும் வயதான கிராமத்துப் பிள்ளைகளுக்கு எதிராக ஒரே வானத்தில் சந்தித்தன. இறந்தோர் 1,200 பேர் அளவில் என்றது அரசுக் கணக்கு. பல்லாயிரம் என்றன வேறு கணக்குகள்.

தோட்டத் தொழிலாளர் இக்கிளர்ச்சியில் சேரவில்லை. சேரும்படி எவரும் அவர்களை அழைக்கவுமில்லை. மக்கள் விடுதலை முன்னணி தன் இளைஞருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதில் தோட்டத் தமிழர் அவ்விஸ்தரிப்பின் கருவிகளாகக் காட்டப்பட்டனர். தேயிலைக் கொழுந்தும் இறப்பர்ப் பாலும் சுமந்து முதுகு கூனிய மக்களை ஓர் ஏகாதிபத்தியத்தின் முன்னணிப் படையாகக் காண முடிந்த அரசியலை என்னவென்பது! கிராமம் ஒருபுறமும் இராணுவம் மறுபுறமுமாக, தகரக் கூரையின் கீழ் அவர்கள் அடைந்து கிடந்தனர். தகரக் கூரை என்பதை அழுத்திச் சொல்கிறோம். மழை பெய்தாலே பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கேட்காத கூரை அது. தாழப் பறக்கும் எந்திரத்தின் ஒலியை அது குறைப்பதில்லை, கூட்டும். மலைகளுக்கிடையே ஒடுங்கிய பள்ளத்தாக்குகளில் ஓர் ஒலி பல ஒலியாக எதிரொலித்து, விமானம் எத்திசையில் வருகிறதென்றே அறியவிடாது.

1974 டிசம்பர் 4ஆந் திகதி இரவு நடந்தது வேறு வகையானது, அது போரன்று. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் நிறுவனத்து டி.சி-8 விமானம் கட்டுநாயக்காவில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்தது. தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்திருந்தது. இரவு பத்து மணிக்குப் பின், விமான நிலையத்துக்குக் கிழக்கே எழுபது கிலோமீற்றருக்கு மேல் தொலைவில், நோட்டன் பிரிட்ஜுக்கு அண்மையில் சப்தகன்னியர் மலைத்தொடரில் மோதியது. 182 யாத்திரிகரும் 9 விமானப் பணியாளருமாக 191 பேரும் மாண்டனர். இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் இன்றளவும் இதுவே மிகப் பெரியது. அம்மலை நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தது. சபரகமுவ எல்லையோ அதற்கு மிக அண்மையில். அடிவாரமெங்கும் தேயிலைத் தோட்டங்கள்.

அவ்வாண்டு தோட்டங்கள் எந்நிலையில் இருந்தன என்பதை மறக்கலாகாது. 1973-74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் மாவும் அரிசியும் வெட்டப்பட்டு, தோட்டப்புறத்தில் மரண வீதம் நாட்டின் பிற பகுதிகளைவிடப் பெரிதும் உயர்ந்திருந்தது. நிலமுள்ள கிராமத்தான் மரவள்ளி நட்டான். லயத்தில் உள்ளவனுக்கு நட நிலமில்லை. பெரும் வெடியோசை ஒன்று மலையில் எழுந்தது. அது உலகச் செய்தியாயிற்று. அதே மலைகளில் மாதக்கணக்காகப் பசியால் நிகழ்ந்த சாவுகளுக்கு ஓசையில்லை. விபத்தில் இறந்த யாத்திரிகரும் ஏழைகளே. வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு மக்கா புறப்பட்டவர் பலர் அவர்களுள் இருந்திருப்பர். இவ்விரு வகைச் சாவையும் எதிரெதிரே நிறுத்துவது எமது எண்ணமன்று. செய்தி எதனைக் கேட்கிறது என்பதையே சுட்டுகிறோம்.

இனித்தான் கதையின் மையத்துக்கு வருகிறோம். 1977 ஆகஸ்டில், பொதுத் தேர்தல் முடிந்த சூட்டோடு, நாடெங்கும் தமிழர் மீது வன்முறை வெடித்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்கள் காடையரால் தாக்கப்பட்டன; லயங்கள் எரிந்தன. கிராமங்களுக்கிடையே தீவுகள் போலச் சிதறிக் கிடந்த தோட்டங்கள் என்று மேலே சொன்னோம். அற்றனில் ஒரு தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் துணை. காவத்தையில் அடுத்த தோட்டம் நெடுந்தூரம். ஆகவே சபரகமுவத் தொழிலாளர் பல்லாயிரவர், பிறந்த மண்ணைவிட்டு வடக்கே ஓடினர். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகள் அவர்களை ஏற்றன. கட்டிடக் கலைஞர் டேவிட்டும் வைத்தியர் இராசசுந்தரமும் நடத்திய காந்தியம் இயக்கம் அவர்களைக் குடியேற்றி, பாலர் பள்ளியும் மருந்தும் தந்தது. 1983இல் இருவரும் சிறைப்பட்டனர். யூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். 1984இல் டொலர், கென்ற் பண்ணைகளில் குடியேறியிருந்த மலையகத்தவரை அரசு விரட்டிச் சிறைக்கைதிகளைக் குடியமர்த்தியது. அவ்வாண்டு நவம்பரில் புலிகள் அப்பண்ணைகளில் புகுந்து அக்குடியேறிகளை, பெண்டு பிள்ளைகள் உட்பட, கொன்றனர். ஏழையை ஏழையால் இடம்பெயர்த்து, ஏழையைக் கொண்டே பழி தீர்க்கும் அரசியலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தப்புச் சத்தத்துக்கு எழுந்து பழகிய அம்மக்கள், வன்னியில் கேட்ட ஓசைகளுக்கு வருவோம். எண்பதுகளின் நடுப்பகுதியில் இத்தாலியச் சிறு குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. பின்னர் சரக்கு விமானங்களே குண்டு சுமந்தன. 1991இல் சீன ஜெட் விமானங்கள். 1996இல் இஸ்ரேலிய கிபிர். பௌதிகப் பேராசிரியர் வகுக்காத ஒலியியலை வடபுலத்து மக்கள் வகுத்தனர். கடகடவென்று உருண்டு வரும் சரக்கு விமானத்துக்குச் சகடை என்று பெயரிட்டனர். ஜெட்டுக்குச் சுப்பர்சொனிக் என்றனர். ஆளில்லாது சுற்றும் வேவு விமானத்தை, அதன் ரீங்காரம் கேட்டு, வண்டு என்றனர். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் ஒலியைக் கேட்டே எது வருகிறது, எத்தனை நொடியில் குழிக்குள் இறங்க வேண்டும் என்று சொல்லும்.

இவற்றுள் எது அதிகம் வேதனை தந்தது? டெசிபல் கணக்கில் கிபிரே முதன்மை. ஒலியின் வேகத்தை அண்மித்துத் தாழ வரும் ஜெட்டின் ஓசை, விமானம் ஏறத்தாழத் தலைக்கு மேல் வந்த பின்னரே காதில் இடியாக விழும், எச்சரிக்கையென்று ஒன்றில்லை. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது அதற்கே. ஆனால் சகடையின் கொடுமை வேறு. அது மெதுவாக வரும், வெகு நேரம் முன்னரே கேட்கும், வட்டமிடும், எப்போது போடும், எவர் மேல் போடும் என்று ஊர் முழுதும் மூச்சடக்கிக் காத்திருக்கும். 1944ஆம் ஆண்டில் இலண்டன் மக்கள் ஜெர்மானியப் பறக்கும் குண்டுகளின் இரைச்சல் கேட்கும்வரை அஞ்சவில்லை, இரைச்சல் நின்றதும் அஞ்சினர்; எந்திரம் நின்றால் குண்டு விழப்போகிறதென்பது பொருள். அதற்கும் முன்னே, நாற்சிப் படையின் ஸ்ரூக்கா விமானங்களில், பாயும்போது ஊளையிடுவதற்கென்றே சங்குகள் பொருத்தப்பட்டன. அவ்வூளையால் ஒரு சுவரும் இடியாது. கீழே நிற்போரின் மனமே அதன் இலக்கு. காத்திருக்கும் காதின் வேதனையைப் போர் புரிவோர் நன்கறிவர்.

சபரகமுவவிலிருந்து வந்தோர் வன்னியில் பதுங்குகுழி வெட்டினர். தோட்டத்தில் மண்ணரிப்பைத் தடுக்க மலைச்சரிவெங்கும் கான் வெட்டிப் பழகிய கைகள் அவை. கானின் ஆழமும் சரிவும் அறிந்தவர்களுக்குக் குழியின் ஆழம் கற்பிக்க வேண்டியதில்லை. 1996இல் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தபோது அங்கிருந்து ஓடினர், திரும்பினர், மீண்டும் ஓடினர். 2006 ஆகஸ்ட் 14ஆந் திகதி முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானங்கள் குண்டு வீச, ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவியர் மடிந்தனர். பயிற்சி முகாம் என்றது அரசு. அங்கு சென்று பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு இராணுவ அடையாளம் எதனையும் காணவில்லை என்றது. 2009இல் முள்ளிவாய்க்காலில் எறிகணையும் விமானமும் ஒருபுறம், மக்களை வெளியேற விடாது மறித்து நின்ற புலிகள் மறுபுறம். அங்கு மாண்டவர்களுள் மலையக வம்சாவழியினர் கணிசமானோர். புலிகளின் படையணிகளிலும் முன்னரங்குகளில் மடிந்தவர்களுள் அவர்களின் பிள்ளைகள் பலர். ஈழப்போரைப் பாடும் பெரும்பாலான எழுத்துகளில் இவர்களுடைய பூர்வீகம் குறிக்கப்படுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சாதிய மனம் இவர்களை வேறு பெயர் சொல்லி அழைத்த காலமும் உண்டு. அப்பெயரை இங்கு எழுத எமக்கு விருப்பமில்லை.

சபரகமுவவில் எஞ்சியோர் நிலை என்ன? இறப்பர் மலைகள் பலவற்றில் இன்று செம்பனை நட்டுள்ளனர். மரம் முதிர்ந்து பால் வற்றிய தோட்டங்களும் உண்டு. லயங்கள் பெரும்பாலும் அப்படியே. இளம்பெண்கள் பலர் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகின்றனர். நூறாண்டாக விமானத்துக்குப் பால் கொடுத்த குடும்பத்தில் முதன்முதலாக விமானத்தில் ஏறுபவள் அவளாகத்தான் இருப்பாள். அவளுடைய பாட்டன் பாட்டியருள் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்டோர் தலைமன்னாரில் கப்பலேறினர்.

ஒக்லஹோமா நகரில் காரை வெடித்த சுவருக்கும் உடைந்த கண்ணாடிக்கும் 229 பேர் பணம் பெற்றனர் என்று தொடக்கத்தில் கண்டோம். வன்னியில் போர் முடிந்தபின் வீட்டுதவித் திட்டங்கள் வந்தன. உதவிக்குத் தகுதி பெற, வீடிருந்த நிலம் தம்முடையது என்று காட்டக் காணிப் பத்திரம் வேண்டும். 1977இலும் 1981இலும் இரத்தினபுரியிலிருந்தும் காவத்தையிலிருந்தும் உடுத்த துணியோடு வந்து, காடு வெட்டி, கிணறு தோண்டி, முப்பதாண்டுகள் அங்கு வாழ்ந்து, அக்கூரை தலைமேல் விழுந்த பின்னும் உயிர் தப்பியவர்களுள் பலரிடம் அப்பத்திரம் இருக்கவில்லை.